நான் திரும்பப் பெறாத கேள்வி

போன வாரம் பத்திரிகையாளர் சங்கத்துச் செயலாளர் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார். சங்கம் மலர் போடுகிறதாம். நம் ஆட்களில் ஒருவர், தொலைக்காட்சிச் செய்தியாளர், வருகிற தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு நிற்கப் போகிறாராம். "நம்மள்ல மொத ஆளா டில்லிக்குப் போனது நீங்கதான சார். எப்படிப் போனீங்க, போயி என்ன செஞ்சீங்கன்னு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. அவருக்கும் ஒரு தெம்பா இருக்கும்" என்றார். தெம்பு என்னிடம் கையிருப்பில் இல்லை என்றேன். அடக்கத்தால் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். கேட்டதற்காக எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் பாடு.

பிழை திருத்துபவனாகச் சேர்ந்து, நிருபராகி, தலைமை நிருபர் என்று ஒரு நாற்காலி கிடைக்கும்வரை ஓடிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த சின்ன நாளிதழ் எங்களுடையது. சம்பளம் வெளியே சொல்லிக்கொள்ளும்படி இருந்ததில்லை. ஆசிரியர் லூர்துசாமி அங்கே இருந்தார், அதனால் நாங்களும் இருந்தோம்.

லூர்துசாமி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கோபம் வந்தால் எங்களை "முசியே" என்று கூப்பிடுவார்; பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அந்த மரியாதை காதில் விழுந்தாலே எழுதியதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அரசு அலுவலகங்களிலிருந்து ரகசியமாக எங்கள் கைக்கு வரும் காகிதங்களை அவர் கையாண்ட விதத்தை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு கடிதத்தின் நகலை நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொண்டுபோய் மேசையில் வைத்தால், அதை உடனே படிக்க மாட்டார். "இது எத்தன பேர் கண்ணுல பட்டிருக்கும்?" என்று கேட்பார். ஒருவர், இருவர் என்று சொன்னால் காகிதத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதே விஷயத்தை வேறு இரண்டு பேர் வாயிலிருந்து வாங்கி வரும்வரை அது அவருக்குச் செய்தி இல்லை. மூன்று பேருக்குத் தெரியும் என்றாகிவிட்டால் யார் சொன்னது என்று எவனாலும் கை காட்ட முடியாது என்பார்.

வாங்கி வந்த பிறகும் விட மாட்டார். எண், தேதி, முத்திரை, கையெழுத்து ஒன்றும் அச்சில் வரக் கூடாது. கடிதத்தில் இருக்கும் சொற்கள்கூட வரக் கூடாது. விஷயத்தை நம் வார்த்தையில் புதிதாக எழுத வேண்டும். எழுதி முடித்ததும் நகலை அவரே நான்காகக் கிழித்து, குடித்து மிச்சம் வைத்த தேநீரில் போட்டு ஊற வைத்துப் பிசைவார். இந்தச் சடங்கு முடிவதற்குள் செய்தி வேறு பத்திரிகையில் வந்துவிடும். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். "சேதி நாளைக்கும் கெடைக்கும், முசியே. போன வேல கெடைக்காது" என்பார். அவர் இருந்தவரை எங்கள் பத்திரிகையால் எந்தக் குமாஸ்தாவுக்கும் ஒரு கீறல் விழவில்லை. அதை நான் அப்போது பெரிதாக நினைத்ததில்லை.

அவர் போன பிறகு பத்திரிகை கை மாறியது. புது முதலாளிக்கு மனை வியாபாரம் தொழில். நான் எழுதியதில் பாதி வரவில்லை, வந்த பாதியை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு கட்சியில் என்னை வேட்பாளராகக் கேட்டார்கள். என் நேர்மையைப் பார்த்துக் கேட்டார்கள் என்று மேடையில் பேசினார்கள். உண்மை என்னவென்றால் கட்சியில் இரண்டு கோஷ்டி. ஒன்று சொன்ன ஆளை மற்றது ஏற்கவில்லை. இரண்டுக்கும் வேண்டாதவன் நான், அதனால் இரண்டும் ஒத்துக்கொண்டன. என் மனைவி மட்டும்தான் சரியான கேள்வி கேட்டாள். "எழுதுனத யாரும் கேக்கலன்னுதான போறீங்க. பேசுனா மட்டும் கேட்டுடப் போறாங்களா?"

நான் அவளுக்குப் பெரிய விளக்கம் கொடுத்தேன். செய்திக்குப் பதில் சொல்ல எந்த அமைச்சருக்கும் கட்டாயம் இல்லை, நாடாளுமன்றத்தில் கேட்கிற கேள்விக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். அதை நான் மனதார நம்பினேன். அலை ஒன்று அடித்தது, ஜெயித்தேன். மக்களவையில் புதுச்சேரிக்கு இருப்பது ஒரே நாற்காலி. அதில் போய் உட்கார்ந்தேன்.

கேள்வி கேட்பது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது. இரண்டு வாரத்துக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கல் போட்டு வரிசைப்படுத்துவார்கள். பெரும்பாலானவற்றுக்கு எழுத்தில் பதில் வரும்; அதைப் படிப்பவர் யாரும் இல்லை. தினமும் இருபது கேள்விகளுக்கு மட்டும் நட்சத்திரக் குறி போடுவார்கள். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், கேட்டவர் அங்கேயே துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். அந்த இருபதிலும் ஒரு மணி நேரத்துக்குள் நான்கைந்துதான் எடுக்கப்படும். உள்ளே போய் இரண்டு வருடம் ஆகியும் என் கேள்வி ஒன்றுகூட அந்த இடத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கியபடியே நிற்கும் பையனைப் போல இருந்தேன்.

கலைவாணி அப்போதுதான் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்கூட்டரில், பதினோரு வயது மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. சாரம் பகுதியில் வீடு. அரசுத் துறை ஒன்றில் எழுத்தர். வருகிற தபாலுக்கெல்லாம் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. அவர் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபோது நான் எழுதிய செய்திகளை வெட்டி வைத்திருந்தாராம். "உங்க பேரச் சொன்னா எங்கப்பா நம்புவாரு சார். அதான் வந்தேன்" என்றார்.

மகள் திவ்யாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஊரில் ஒரு சிறப்புப் பள்ளியில் படித்தாள். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும் ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து பேசவும் அங்கே பழக்கியிருந்தார்கள். நான் பேசப் பேச என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் அன்றைய பாடத்தை அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து மறுபடி சொல்லிப் பார்ப்பார்களாம். அது ஒரு நாள் தவறினாலும் பின்னால் போய்விடுவாள் என்றார்.

கலைவாணி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது இரண்டு பக்க நகல். கனகசெட்டிக்குளம் என்ற மீனவர் ஊருக்குத் தெற்கே கடற்கரையில் கல் கொட்டித் தடுப்பு கட்ட அப்போது ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது; அதைப் பற்றிக் கடல் நிபுணர் குழு ஒன்று அவர் துறைக்கு எழுதிய கடிதம். அங்கே கல் கொட்டினால் வடக்கே இருக்கும் கனகசெட்டிக்குளத்தின் மணல் போய்விடும், படகு ஏற்ற இடம் இருக்காது, வேலையை நிறுத்துங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. கடிதம் கோப்பிலேயே சேர்க்கப்படவில்லையாம். வந்த கடிதத்துக்கு எண் போட்டவர் அவர், அது காணாமல் போனதைப் பார்த்தவரும் அவர். "கேக்குறதுன்னா நீங்கதான் சார் கேக்க முடியும். என் பேரு மட்டும் எங்கயும் வரக் கூடாது" என்றார். வராது என்றேன்.

டில்லியில் உட்கார்ந்து கேள்வியை எழுதினேன். அனுப்பிய இரண்டாம் நாள் மக்களவையின் கேள்விப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி தொலைபேசியில் பேசினார். கேள்வியில் சொல்லும் தகவலுக்கு உறுப்பினர்தான் பொறுப்பு. இப்படி ஒரு கடிதம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். ஆதாரம் இல்லாவிட்டால் கேள்வி அனுமதிக்கப்படாது. நகல் கையில் இருந்தது. மேலே ஓரத்தில் ஓர் எண்ணும் தேதியும் பளிச்சென்று தெரிந்தன. அவற்றை அப்படியே கேள்வியில் சேர்த்துவிட்டேன்.

அது கடிதத்தை அனுப்பியவர்கள் போட்ட எண் இல்லை. வந்து சேர்ந்த பிறகு கலைவாணி தன் கையால் போட்ட முத்திரையின் எண். அந்தப் பிரிவுக்கு வெளியே உலகத்தில் யாருக்கும் அது தெரிய வழியில்லை. இருபத்து நான்கு வருடம் அரசுக் காகிதங்களோடு புழங்கியவனுக்கு முத்திரை எண்ணுக்கும் கடித எண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரியும். நிருபராக இருந்திருந்தால் அந்த ஓரத்தை முதலில் கிழித்துப் போட்டிருப்பேன். எம்.பி. ஆன பிறகு எனக்கு எதற்கு அதெல்லாம் என்று இருந்தது.

கேள்விக்கு நட்சத்திரம் கிடைத்தது. அதிலும் வரிசையில் நான்காவது. நானே இரண்டு நிருபர்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

டில்லி அமைச்சகம் பதில் தயாரிக்க என்ன செய்யும்? உண்மை விவரம் கேட்டுக் கேள்வியைப் புதுச்சேரிக்கு அனுப்பும். புதுச்சேரி நிர்வாகம் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பும். துறையில் வருகிற தபாலுக்கெல்லாம் எண் போடுபவர் யார் என்று மேலே சொல்லியிருக்கிறேன். கேள்வி அங்கே போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் கலைவாணி தொலைபேசியில் பேசினார்.

"சார், உங்க கேள்வி எங்க செக்ஷனுக்கே வந்திருக்கு. நான்தான் நம்பர் போட்டேன்."

"வரட்டுமே. பதில் சொல்லித்தான ஆகணும்."

"அதுல இருக்குறது என் முத்திர நம்பர் சார். எங்க சூப்பரின்டெண்ட் படிச்சிட்டு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. கேள்விய வாபஸ் வாங்க முடியுமா சார்?" என்றார்.

முடியும். அவை கூடுவதற்கு முன்னால் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். எண்ணை எடுத்துவிட்டு அடுத்த கூட்டத்தொடரில் வேறு விதமாகக் கேட்டிருக்கலாம். கேள்வி வரும் நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஆனால் அந்த நான்காவது இடம் மறுபடி எனக்கு வருமா? நான் அவருக்குச் சட்டம் சொன்னேன். நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை, அது சிறப்புரிமை, பயப்பட வேண்டாம் என்றேன். பொய் இல்லை. உரிமை எனக்குத்தான், அவருக்கு இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. "நீங்க சொன்னா சரி சார்" என்று வைத்துவிட்டார்.

அந்த நாள் வந்தது. துணைக் கேள்விகளை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அவை கூடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் எங்கள் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் என்னிடம் வந்தார். அவர் யாருக்கும் கட்டளை போட்டதில்லை. எதைச் சொல்வதற்கு முன்னாலும், "சாப்ட்டீங்களா தம்பி?" என்று விசாரிப்பார். அன்றும் விசாரித்துவிட்டு, "இன்னிக்கு வேற பிரச்சினைக்காக அவைய முடக்குறோம். மணி அடிச்சதும் எல்லாரும் எழுந்து முன்னால வந்துடணும்" என்றார்.

"ஐயா, என் கேள்வி நாலாவதா இருக்கு. ஒரு அரை மணி நேரம் பொறுத்தா நல்லாருக்கும்."

"பதில்தான் எழுத்துல வந்துடுமே" என்று என் தோளைத் தட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

உட்கார்ந்தே இருந்திருக்கலாம். என்ன செய்திருப்பார்கள்? அடுத்த முறை சீட்டு தந்திருக்க மாட்டார்கள். சொன்னபடி கேட்டும்தான் தரவில்லை. ஆனால் அன்று எழுந்தேன். கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சபாநாயகருக்கு முன்னால் நின்று கோஷம் போட்டேன். முதல் கேள்வி முடிவதற்குள் அவை ஒத்திவைக்கப்பட்டது. என் கேள்வியை நானே கூச்சல் போட்டு அமுக்கினேன். மாலையில் எழுத்துப் பதில் கிடைத்தது. விவரங்கள் யூனியன் பிரதேச நிர்வாகத்திடமிருந்து திரட்டப்பட்டு வருகின்றன, பின்னர் அவையில் வைக்கப்படும் என்று இரண்டு வரி. அந்த அவையின் ஆயுள் முடியும்வரை வைக்கப்படவில்லை. அவை கலைந்ததும் கேட்பாரற்றுப் போயிற்று.

மூன்றே வாரத்தில் கலைவாணிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி, ஏனாமுக்கு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஏனாம் எங்கள் பிரதேசத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் இருப்பது ஆந்திராவுக்கு நடுவில், கோதாவரிக் கரையில். இரவெல்லாம் ரயிலில் போய் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். அங்கே தெரு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் தெலுங்கு. தமிழ் உதடுகளை மட்டும் படிக்கத் தெரிந்த பிள்ளையை அங்கே கொண்டுபோய் என்ன செய்வது? மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுக் கலைவாணி மட்டும் போனார். கணவர் முருகையன் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்.

துறைச் செயலரை நேரில் பார்த்தேன். தேநீர் கொடுத்து உபசரித்தார். "மாத்திடலாம் சார், ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஆனா அந்தம்மாவுக்காக எம்.பி. ஏன் வந்தாருன்னு மேல கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றார். நான் பரிந்து பேசினால் நகலைக் கொடுத்தவர் கலைவாணிதான் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. பேசாமல் இருந்தால் அவர் அங்கேயே கிடக்க வேண்டும். இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். பிறகு மனசு கேட்கவில்லை. சிங்க முத்திரை போட்ட என் கடிதத்தாளில், காது கேளாத குழந்தையின் படிப்பைக் கருதி இவரைத் திரும்பப் புதுச்சேரிக்கே மாற்றும்படி எழுதி அனுப்பினேன்.

அரசு ஊழியர் தன் பணி விஷயத்தில் அரசியல் செல்வாக்கைக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு நடத்தை விதி இருக்கிறது. எத்தனையோ செய்திகளில் நானே அதை எழுதியிருக்கிறேன். என் கடிதத்தை இணைத்து, இதற்கு விளக்கம் கொடு என்று கலைவாணிக்கு மெமோ கொடுத்தார்கள். விசாரணை தொடங்கினார்கள். விசாரணை நிலுவையில் இருக்கும்வரை மாற்றல் கேட்க முடியாது, பதவி உயர்வும் கிடையாது. அது இன்றுவரை நிலுவையில்தான் இருக்கிறது. மெமோ வந்த அன்று கடைசி முறையாக என்னிடம் பேசினார். அழவில்லை, திட்டவில்லை. "தயவுசெஞ்சு எனக்காக இனிமே எதுவும் செய்யாதீங்க சார்" என்றார்.

கல்லைக் கொட்டி முடித்தார்கள். கனகசெட்டிக்குளத்தில் இன்று படகு ஏற்ற மணல் இல்லை. பதவி போன பிறகு ஒரு தடவை அங்கே போயிருந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "டில்லியில கேள்வி கேட்டீங்களாமே சார். கடலுக்குக் கேக்கல போலிருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

இதை எழுத உட்கார்ந்த பிறகுதான், இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அந்த வீட்டுக்குப் போகவில்லை என்பது உறைத்தது. நேற்று சாரத்துக்குப் போனேன். முருகையன் கதவைத் திறந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கலைவாணி வருடத்துக்கு இரண்டு முறை வந்து போகிறாராம். அம்மா போன பிறகு மகள் வாயைத் திறந்து பேசுவது குறைந்துகொண்டே வந்து, இப்போது அறவே இல்லையாம். பள்ளிப் படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. "நான் ஷிப்டுக்குப் போயிடுவேன் சார். எதிர உக்காந்து சொல்லிக் குடுக்க ஆளில்ல" என்றார், ஏதோ தன் தவறு போல.

திவ்யா உள்ளேயிருந்து வந்தாள். பதினெட்டு வயது. என்னை நினைவிருக்கிறதா என்று அப்பா சைகையில் கேட்டதும் தலையாட்டினாள். எனக்கு எதிரே உட்கார்ந்து, என் வாயைப் பார்த்தாள்.

"உங்க அம்மா எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க" என்று மெதுவாக, உதடு தெரியும்படி ஆரம்பித்தேன். "அந்தக் கேள்விய வாபஸ் வாங்கச் சொன்னாங்க. நான் வாங்கல. வாங்கியிருந்தா உங்க அம்மா இன்னிக்கு இங்க..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தூசி ஏதாவது விழுந்துவிட்டதோ என்று முருகையனைப் பார்த்தேன். "பேச்சு போதும்னா இப்படித்தான் பண்ணுவா சார்" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஏனாம்லேர்ந்து அவங்கம்மா வீடியோல வந்தாலும் இப்பல்லாம் இதேதான். அது அந்தப் பக்கம் பேசிக்கிட்டே இருக்கும். இவ கண்ணத் தொறக்க மாட்டா."

எனக்குப் பாதி வாக்கியம் மிச்சம் இருந்தது. அதை அவள் அப்பாவிடம் சொல்லி முடித்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை அந்தப் பெண் கண்ணைத் திறக்கவில்லை.